கண்ணுல கசியுற சாயம்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுறது.

இங்க எல்லாம் சுகம். என் காது மட்டும் சுகமில்ல, அது பழைய கதை. போன வாரம் நீ போன் பண்ணினியாமே. விடுதி வார்டன் ஓடி வந்து போனை என் காதுல வச்சா. உள்ள யாரோ தகரத்துல ஆணியப் போட்டு இழுக்குற மாதிரி இருந்துச்சு. அது நீதான்னு அவ எழுதிக் காட்டித்தான் தெரியும். நானும் மரியாதைக்கு "சரி, சரி"ன்னு சொல்லி வச்சேன். எதுக்குச் சரி சொன்னேன்னு மறக்காம எழுது. நமக்குக் கடுதாசிதான்டா லாயக்கு. இதுல நீ சொல்றது ஒண்ணுவிடாம எனக்குக் கேக்குது.

சமையக்கட்டுல புதுசா ஒரு மாவாட்டுற மிஷின் வந்திருக்கு. அது ஓடும்போது எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுறாளுங்க. நான் ஒருத்திதான் பக்கத்துல நின்னு ஆட்டுறேன். காது போனதுல கெடைச்ச பதவி. வார்டன் என்னைப் பாத்து, "நீங்க இல்லன்னா இந்த விடுதியே பட்டினி"ங்கிறா. அவ உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டேன். வேற எதாவது சொல்லியிருந்தாலும் நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிட்டிருப்பேன்.

சொல்ல வந்தது வேற. போன கடுதாசியில, "கருநீலமும் கறுப்பும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்துக்குது அக்கா"ன்னு எழுதியிருந்தே. அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. சாயப்பட்டறையில துணிய வெளிச்சத்துல பிடிச்சு, இந்தக் கலர் சரி, அந்தக் கலர் தப்புன்னு சொல்றதுதானே உன் சோறு. உனக்கும் எனக்கும் சர்க்கரை வேற. நான் மருந்துக்கடைக்குப் போயி விசாரிச்சேன். அங்க இருக்கிற பொண்ணு ஒரு டப்பா எடுத்துக் குடுத்தா. சர்க்கரைக்காரங்க கண்ணுக்கு நல்லதாம். பேரு லூட்டின். "என்னம்மா, கண்ணுக்குள்ள போயி லூட்டி அடிக்குமா?"ன்னு கேட்டேன். சிரிச்சு சிரிச்சு அந்தப் பொண்ணுக்கு விக்கல் வந்துடுச்சு. செண்டுமல்லிப் பூவுலேர்ந்து எடுக்குற மஞ்சளாம் அது. கீரை, மக்காச்சோளம், முட்டைக்கரு இதுலயும் இருக்காம். நீ கீரையப் பாத்தா மூஞ்சியத் திருப்புறவன். அதனால மாத்திரையா வாங்கி இதோட அனுப்பியிருக்கேன். நானும் முழுங்குறேன். அங்க நீ முழுங்கு, இங்க நான் முழுங்குறேன், சேந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

வீட்டுக்காரிய விசாரிச்சதாச் சொல்லு. பீடிய விட்டியா?

உன் அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

டப்பா வந்து சேந்துச்சு. நீ போன்ல "சரி, சரி"ன்னது எதுக்குன்னா, "எனக்குக் கெழடு தட்டிருச்சா அக்கா?"ன்னு கேட்டேன். ரெண்டு தடவ சரின்னே. வீட்டுக்காரிக்கு அன்னைக்குப் பூரா ஒரே சந்தோஷம்.

பட்டறையில கண்ணு கேம்ப் போட்டாங்க. சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க வந்தாங்க. சொட்டு மருந்து விட்டாங்க, லைட்டு அடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், "மாஸ்டர், சர்க்கரையால உள்ள கசிய ஆரம்பிச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி லேசர் வச்சு நிறுத்தணும். தள்ளிப் போடாதீங்க"ன்னாங்க. "எந்த எடத்துல கசியுது?"ன்னேன். "நடுவுல மஞ்சள் புள்ளின்னு ஒரு எடம் இருக்கு, அதுக்குப் பக்கத்துல"ன்னாங்க.

எனக்கு அப்பவே விஷயம் புரிஞ்சுபோச்சு அக்கா. கசிவோடதானே நான் குடும்பமே நடத்துறேன். துணியில சாயம் சரியாப் பிடிக்கலன்னா, தண்ணியில போட்ட உடனே கலர் வெளிய வரும். அதைத்தான் நாங்க கசியுதுன்னு சொல்றது. அதுக்காக யாராவது துணியப் போயி நெருப்பால சுடுவாங்களா? மறுபடி தொட்டியில முக்கி சாயத்தை ஏத்தணும், மேல பிடிப்பு மருந்து போடணும், அவ்வளவுதான். என் கண்ணுல மஞ்சச் சாயம் கசியுது. நீ அனுப்பினதும் மஞ்சச் சாயம். அதுவும் செண்டுமல்லி மஞ்சள். அந்தப் பூவுல நாங்க துணிக்கே சாயம் ஏத்தியிருக்கோம், நல்லாப் பிடிக்கும். டாக்டரம்மா படிச்சவங்க, ஆனா சாயத்தைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்.

ரெண்டு ரெண்டா முழுங்குறேன். ஒண்ணு சாயத்துக்கு, ஒண்ணு பிடிப்புக்கு. லேசருக்கெல்லாம் போகல. இன்னும் ரெண்டு டப்பா அனுப்பு.

பீடியப் பத்திக் கேக்காதே.

உன் தம்பி


பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

உன் கடுதாசிய மூணு தடவ படிச்சேன். விடுதியில எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன், அந்தத் துணியச் சுடுற எடம் வரும்போது எல்லாரும் கைதட்டினாங்க. நான் அனுப்பினது உன் கண்ணுக்குள்ள போயி சாயம் ஏத்துதுன்னு நெனைச்சா, எனக்கே கொஞ்சம் தலை கனத்துப்போச்சு. ரெண்டு டப்பா அனுப்பியிருக்கேன். மருந்துக்கடைப் பொண்ணு, "லூட்டி அக்கா வந்தாச்சு"ன்னு சொல்ற அளவுக்குப் பழகிட்டா.

உனக்குச் சாயப் பைத்தியம் இன்னைக்கு நேத்து வந்ததில்ல. ஞாபகம் இருக்கா, அடுத்த வீட்டு வெள்ளைக் கோழிய நீ பேனா மையில முக்கினது? அந்தம்மா வந்து, "எங்க கோழியக் காணோம், யாரோ நீலக் கோழி ஒண்ணு விட்டுட்டுப் போயிருக்காங்க"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுது. அப்பா அடிக்க வந்தப்ப, "காயட்டும்பா, காஞ்சா கலர் கொஞ்சம் வெளுக்கும்"ன்னியே. அடிக்க ஓங்கின கைய அவரு தொடையில தட்டிச் சிரிச்சாரு. அந்தக் கோழி முட்டை போட்டப்ப நீ போயி எட்டிப் பாத்தே, முட்டையும் நீலமான்னு. எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ வந்துட்டேன் பாரு.

ஒரு குறை மட்டும் சொல்லணும். உன் எழுத்து முன்ன நேராப் போகும். இந்தத் தடவ பாதி வரிக்கு மேல வரி மலையேறுது. ஒரு எடத்துல ரெண்டு வரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. அவசரத்துல எழுதினியா? அக்காவுக்கு எழுதும்போது என்னடா அவசரம்?

உன் அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமெல்லாம் இல்ல. சாயங்காலம் விளக்கு மங்கல், அதான். வேற பல்பு போட்டாச்சு. அதுவும் மங்கலாத்தான் இருக்கு, இப்ப வர்ற பல்பெல்லாம் அப்படி.

கண்ணுல பஞ்சுத்தூசி விழுந்திருக்கு. கறுப்பு கறுப்பா நூல் மாதிரி மிதக்குது, கண்ணை உருட்டினா அதுவும் கூடவே வருது. கழுவிக் கழுவிப் பாத்தேன், போகல. பட்டறைன்னா தூசிதானே.

போன வாரம் ஒரு சின்னத் தகராறு. நான் சரின்னு அனுப்பின ஒரு லோடு துணி திரும்பி வந்துடுச்சு. நீலத்துல பச்சை கலந்திருக்காம். முதலாளி திட்டல. அதுதான் கஷ்டமா இருந்துச்சு, திட்டியிருந்தாத் தேவலாம். "மாஸ்டர், ரெண்டு நாளு வீட்டுல இருந்துட்டு வாங்களேன்"ன்னாரு. சூப்பர்வைசர் இருக்கானே, அவன் என் காதுபட, "மாஸ்டர் பச்சையாப் பொய் சொல்லிட்டாரு"ன்னான். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நல்ல ஜோக்தான்.

மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன். சாயம் ஏற நேரம் பிடிக்கும், அவசரப்பட்டாத் திட்டுத் திட்டா ஆயிடும். உனக்குத் தெரியாதது இல்ல.

உன் தம்பி


மார்ச் 9

தம்பி,

இதை வீட்டுக்காரிய விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளு. நீயும் பக்கத்துல உக்காரு, எழுந்து போகாதே.

நேத்து என் சர்க்கரை டாக்டர்கிட்ட போயிருந்தேன். பெரியவரு, பொறுமைசாலி. எனக்குக் கேக்காதுன்னு அவரு எழுதிக் காட்டுவாரு, நான் வாயால பதில் சொல்லுவேன். போனா முதல்ல என் சமையலப் பத்திக் கொஞ்சம் பேசுவோம், அவரு சம்சாரத்துக்கு நான் சொன்ன பக்குவம் ஒண்ணு நல்லா வந்துச்சாம். அதெல்லாம் ஆனப்புறம், "எங்க தம்பிக்குக் கண்ணுல சாயம் கசியுதுங்க, மாத்திரையில ஏத்திக்கிட்டிருக்கான்"னு பெருமையாச் சொன்னேன். அவரு பேனாவை அப்படியே பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு. "யார் சொன்னது சாயம்னு?"ன்னு எழுதினாரு. நீ எனக்கு எழுதினதையெல்லாம் ஒண்ணுவிடாம சொன்னேன். மஞ்சள் புள்ளி, கறுப்பு நூல், திரும்பி வந்த லோடு எல்லாம்.

அவரு எழுதினது இதுதான்: "சாயம் இல்லை அம்மா. கசிவது ரத்தக் குழாய்."

கண்ணுக்குள்ள இருக்கிற பொடிப்பொடி குழாயெல்லாம் சர்க்கரையில நொந்துபோயி, தண்ணியும் ரத்தமும் உள்ள ஒழுகுதாம். மஞ்சள் புள்ளிங்கிறது சாயத் தொட்டி இல்லடா, நீ எதைப் பாத்தாலும் அந்தப் புள்ளியாலதான் பாக்குறியாம். அது தண்ணியில ஊறிக் கெடக்கு. உனக்கு மிதக்குறது பஞ்சும் இல்ல, ரத்தமா இருக்கும்னு எழுதினாரு. "அப்ப மாத்திரை விஷமா?"ன்னு கேட்டேன். இல்லையாம். கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் உதவலாமாம், இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்களாம். ஆனா ஓட்டையான குழாயை அது அடைக்காது. லேசருதான் அடைக்கணும், சர்க்கரையக் கட்டுல வைக்கணும். தள்ளிப்போட்டா ஒரு நாளு மொத்தமா இருட்டிடும்னு எழுதி, அதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டாரு.

டாக்டரம்மா பட்டறை மாஸ்டர்கிட்ட கசியுதுன்னு சொல்லிட்டாங்க. அவங்க ஒரு கசிவச் சொன்னாங்க, நீ ஒரு கசிவக் கேட்டே. நானும் கைதட்டிக்கிட்டு டப்பா டப்பாவா அனுப்பினேன்.

நாளைக்கே போ.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

நீதான் அனுப்பினே, இப்ப நீயே வேணாங்கிறே. நல்லா இருக்கு நியாயம்.

உன் டாக்டர் என் கண்ணையே பாக்காம அங்கேர்ந்தே கண்டுபிடிச்சுட்டாரா? லேசர் வச்சுக்கிட்டவங்களை எனக்கும் தெரியும். எங்க பாய்லர்காரரு வச்சுக்கிட்டாரு, மறு வருஷம் கைத்தடியோடதான் வந்தாரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனது பட்டறைக்குத் தெரிஞ்சுதுன்னா, "மாஸ்டருக்குக் கண்ணு போச்சு"ன்னு அன்னைக்கே முடிவு கட்டிடுவாங்க. அப்புறம் அங்க எனக்கு என்ன வேலை? துணி மடிக்கிறதா?

எனக்கு நல்லாத் தெரியுது. இதை நானேதான் எழுதுறேன்.

தம்பி


மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

சரிடா, சண்டை வேணாம். அந்தப் பேச்சை விட்டுட்டேன்.

உன்கிட்ட ஒரு உதவி. இங்க சாப்பாட்டு ஹாலுக்குப் புதுசாத் திரை தைக்கிறோம். திரை நீலம். நூல் வாங்கப் போனவ, கலந்து கட்டி வாங்கிட்டு வந்துட்டா. ஒருத்தி நீலம்ங்கிறா, ஒருத்தி பச்சைங்கிறா, காது கேக்காத எனக்கே தலை வலிக்கிற அளவுக்குச் சத்தம். "எங்க தம்பி மாஸ்டர், அவன் ஒரு பார்வை பாத்தாப் போதும்"னு சொல்லிட்டேன். மானத்தைக் காப்பாத்து. கீழ ஆறு நூல் ஒட்டியிருக்கேன், ஒண்ணு ரெண்டுன்னு நம்பரும் போட்டிருக்கேன். எது நீலம், எது பச்சைன்னு எழுதி அனுப்பு. பகல் வெளிச்சத்துல பாரு. வேற யாரையும் கேக்காதே, மாஸ்டர் சொன்னாத்தான் இங்க எடுபடும்.

உன் அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இதுக்குப் போயா சண்டை? ஜன்னல்கிட்ட வச்சுப் பாத்தேன். ஆறும் நீலம். ஒரே தொட்டியில முக்கினது. மூணாவது மட்டும் லேசா வெளுப்பு, அது வெயில் பட்டிருக்கும். பச்சைன்னு சொன்னவளை அடுப்படிப் பக்கமே விடாதே, பழுத்த மிளகாய்க்கும் பச்சை மிளகாய்க்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு.

மாஸ்டர் சொன்னாருன்னு சொல்லு.

உன் தம்பி


ஏப்ரல் 12

என் கண்ணான தம்பிக்கு,

இங்க திரையும் தைக்கல, யாரும் சண்டையும் போடல. கடைக்குப் போயி நூல் வாங்கினது நான்தான். ஒண்ணு, மூணு, அஞ்சு நீலம். ரெண்டு, நாலு, ஆறு பச்சை. பாசி படிஞ்ச குளம் மாதிரி நல்ல பச்சை. வேணும்னா அந்தத் தாளை எடுத்து வீட்டுக்காரிகிட்ட காட்டு. எதிர்த்த வீட்டுல காட்டு. யாருகிட்டயாவது காட்டு.

உன்னைக் கேவலப்படுத்த இப்படிப் பண்ணல. உன் பதில் வர்ற வரைக்கும், நீ சரியாச் சொல்லிடணும், நான் முட்டாளாயிடணும்னுதான் வேண்டிக்கிட்டேன்.

காது போனப்ப நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, உனக்குத் தெரியும். அப்பா அம்மாவும் இல்ல, என் வீட்டுக்காரரும் போயிட்டாரு, யாரு பேச்சைக் கேக்கணும் இனிமேன்னு இருந்துட்டேன். உன் பேச்சுதான் கவர்ல வந்துடுதே. உனக்குக் கண்ணு போச்சுன்னா, நீ பேசினா எனக்குக் கேக்காது, நான் எழுதினா உனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் உசுரோட இருப்போம், ஆளுக்கொரு பக்கம். அதை எப்படிடா நான் தாங்குவேன்? உன் வேலை போனா வேற வேலை பாரு. நான் இங்க கரண்டி பிடிக்கலையா?

பயமா இருந்தா, பயமா இருக்குன்னு எழுது. அதுக்கும் கோவிச்சுக்க மாட்டேன்.

உன் அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து பெருசா இருக்கேன்னு பாக்காதே. இப்ப எனக்கு இந்த அளவுதான் வசதி.

ரெண்டு மாசமா எழுதாததுக்குத் திட்டு. வாங்கிக்கிறேன். உன் ஏப்ரல் கடுதாசி வந்த அன்னைக்கே அந்த நூல் தாளை வீட்டுக்காரிகிட்ட நீட்டினேன். அவ ஒண்ணொண்ணா விரல் வச்சு, "நீலம், பச்சை, நீலம், பச்சை"ன்னு சின்னப் புள்ள பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கிட்டே போனா. ஆறாவது முடிஞ்சதும் என் மூஞ்சியப் பாத்தா. நான் சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

பயமா இருந்துச்சு அக்கா. ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பைக் கழட்டினேன், மறுபடி மாட்டினேன், மறுபடி கழட்டினேன். அதே டாக்டரம்மா அங்கயும் இருந்தாங்க. நான் சாயக் கதையச் சொன்னேன். சிரிக்கல. "நான்தான் இன்னும் புரியுற மாதிரி சொல்லியிருக்கணும் மாஸ்டர்"ன்னாங்க. எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எடது கண்ணுக்குள்ள ரத்தம் நெறைய இறங்கிடுச்சாம். அதுல மொத்தமாத் தெளிவு வராது, நெழலாட்டம்தான். வலது கண்ணு நேரத்துக்குத் தப்பிச்சுது. லேசர் வச்சாங்க, கண்ணுக்குள்ளயே ஊசியும் போட்டாங்க. நீ நெனைக்கிற அளவுக்கு வலிக்கல. நான் நெனைச்ச அளவுக்கும் வலிக்கல. அவங்க கூப்பிடுறப்பெல்லாம் போகணும், போறேன்.

மாத்திரையப் பத்தியும் கேட்டேன். உன் டப்பாவை வாங்கிப் படிச்சுப் பாத்தாங்க. ஒண்ணு சாப்பிட்டாப் போதுமாம், அதுவும் வேணும்னாத்தான். அதே வரிசையில வர்ற வேற சில டப்பாவுல கேரட் மஞ்சள் ஒண்ணு சேர்ப்பாங்களாம், பீடிக்காரன் அதைத் தொடவே கூடாதாம், நுரையீரலுக்கு ஆகாதாம். "ஒவ்வொரு டப்பாவையும் பாத்துப் பாத்து வாங்குறதுக்கு, பீடிய விட்டுடுங்களேன்"ன்னாங்க. விட்டுட்டேன். விட்ட அன்னைக்கு வீட்டுக்காரிகிட்ட மூணு தடவ சண்டை போட்டேன், அவ நாலாவது தடவ தானா வந்து போட்டா. கீரையும் சாப்பிடுறேன். ரொம்ப சந்தோஷப்படாதே, கண்ணை மூடிக்கிட்டுதான் சாப்பிடுறேன்.

கலர் பாக்குற வேலை போச்சு. முதலாளிகிட்ட நானே போயிச் சொன்னேன். இப்ப தொட்டிச் சூடு, உப்பு அளவு பாக்குறேன், அதுக்குக் கை போதும். கலருக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா, கெட்டிக்காரி. சூப்பர்வைசர் என்னை இன்னும் மாஸ்டர்னுதான் கூப்பிடுறான். மொத நாளு அது குத்தலா பாசமான்னு தெரியல. இப்ப யோசிக்கிறதில்ல.

கண்ணுல கட்டுப் போட்டிருந்த நாள்ல, உன் ஏப்ரல் கடுதாசிய வீட்டுக்காரியத் திரும்பப் படிக்கச் சொன்னேன். நல்லாத்தான் படிச்சா. ஆனா அவ படிச்சா அவ குரல்தான் வருது அக்கா. நீ பேசுற மாதிரி இல்ல. "போதும், வச்சுடு"ன்னுட்டேன். போன வாரம் ஜன்னல்கிட்ட உக்காந்து, ஒத்தைக் கண்ணால, ஒவ்வொரு எழுத்தா நானே படிச்சேன். ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள காபி ஆறிப்போச்சு. அடுப்படியிலேர்ந்து நீ பேசுற மாதிரியே இருந்துச்சு, நடுநடுவுல கரண்டிச் சத்தம் வரைக்கும்.

நீயும் கொஞ்சம் பெருசா எழுது. கோழிக் கதை மாதிரி எதாவது எழுது, நீளமா எழுது, எனக்கு இப்ப நேரம் இருக்கு. உன் கண்ணையும் போயிக் காட்டு, சும்மா லூட்டிய முழுங்கிட்டு உக்காந்திருக்காதே. காட்டிட்டு டாக்டர் என்ன எழுதினாருன்னு எனக்கு எழுது.

இந்த எழுத்துல எழுதினா நாலு தாள் போதல. ஓரத்துல எழுதுறேன், தாளைத் திருப்பிப் பிடிச்சுப் படி. பயமா இருந்தா எழுதுன்னு சொன்னியே, எழுதிட்டேன். இப்ப கொஞ்சம்தான் இருக்கு.

உன் தம்பி